வெள்ளை மாளிகை வாயிலில் ஆலிஸ் பால்

விலங்கியல் முதுகலை வகுப்பில் பயிலும் இவளுக்கு அரசியலில் என்ன வேலை என்று நம் சங்கத்துத் தோழர் தோழியர் கேட்கக்கூடும். நான் எழுதப் புகும் ஆலிஸ் பால் அம்மையாரும் உயிரியல் மாணவியே. 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சுவார்த்மோர் கல்லூரியில் அப்பாடத்தில் பட்டம் பெற்றார். ஆனால் பின்னர் அவர் ஆராய்ந்தது உயிர்களை அன்று, சட்டங்களை. பென்சில்வேனியா மாநிலச் சட்டத்தில் பெண்ணின் நிலை யாது என்று ஆய்ந்து 1912இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் 1885இல் நியூ ஜெர்சியில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். 1907இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றவரைப் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாரின் வாக்குரிமை இயக்கம் ஈர்த்தது. 1909இல் இலண்டன் மேயர் அளித்த விருந்தன்று, துப்புரவுப் பணிப்பெண்ணாக வேடம் பூண்டு மண்டபத்துக்குள் நுழைந்து, ஒளிந்திருந்து முழக்கமிட்டார். சிறையில் உண்ண மறுத்தபோது குழாய் செருகி வலிந்து உணவூட்டினர். கற்றுக்கொண்ட இந்தப் பாடத்தோடுதான் தாயகம் திரும்பினார்.

1913 மார்ச் 3ஆம் நாள், உட்ரோ வில்சன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்பதற்கு முந்தைய நாள், வாஷிங்டன் நகரில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் பேரணியை நடத்தினார். கூடிநின்ற ஆண்கள் இடித்தும் இழித்துப் பேசியும் வழி மறித்தனர். போலீசார் வேடிக்கை பார்த்தனர். இறுதியில் குதிரைப்படை வரவேண்டியிருந்தது. அதே பேரணியில், தென்மாநிலப் பெண்கள் முகம் சுளிப்பார்களே என்று, கறுப்பினப் பெண்களைப் பின்வரிசையில் செல்லச் சொன்னார்கள். ஐடா வெல்ஸ் அம்மையார் அதற்கு உடன்படாமல் தம் இல்லினாய் மாநில அணியிலேயே நடந்தார்.

1916இல் தேசிய மகளிர் கட்சி தோன்றியது. விந்தையான கட்சி அது. வேட்பாளர் ஒருவரையும் நிறுத்தவில்லை. ஆளும் கட்சியே பொறுப்பு என்பது ஆலிஸ் பாலின் கணக்கு. பெண்கள் ஏற்கெனவே வாக்குரிமை பெற்றிருந்த மேற்கு மாநிலங்களில், வில்சனின் ஜனநாயகக் கட்சியினரை, பெண்ணுரிமைக்கு ஆதரவானவர்களையும் சேர்த்தே, தோற்கடிக்க வேண்டினார். நண்பனையும் அடிக்கும் இம்முறை எனக்கு உடன்பாடன்று. ஆனால் ஆட்சியாளரை அது உறங்கவிடவில்லை என்பதை மறுக்க முடியாது.

1917 ஜனவரி 10 முதல் வெள்ளை மாளிகை வாயிலில் பெண்கள் பதாகை ஏந்தி வாய்பேசாமல் நின்றனர். மழையிலும் பனியிலும் நின்றனர். ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கிய பின்னும் அவர்கள் நகரவில்லை. அயல்நாட்டு மக்களாட்சிக்காகப் போரிடும் தலைவர் உள்நாட்டுப் பெண்களுக்கு அதை மறுப்பதேன் என்ற கேள்வி பலருக்குச் சினமூட்டியது. நடைபாதையை மறித்தனர் என்று வழக்குத் தொடுத்தார்கள்! சுமார் 500 பேர் கைதாயினர். 168 பேர் சிறை புகுந்தனர். அக்டோபரில் ஏழு மாதத் தண்டனை பெற்ற ஆலிஸ் பால் மீண்டும் உண்ணாவிரதம் தொடங்கினார். அவரை மனநோய்ப் பிரிவில் அடைத்தனர். அறிவு பிறழவில்லை என்று மருத்துவரே கூறினார். நவம்பர் 14ஆம் நாள் இரவு, வர்ஜீனியாவின் ஒக்கோக்வான் சிறையில் அவருடைய தொண்டர்கள் அடித்து நொறுக்கப்பட்டனர். அம்மாத இறுதியில் அரசு அனைவரையும் விடுவித்தது. 1918 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைதுகளே செல்லா என்று தீர்ப்பளித்தது.

வில்சன் 1918 ஜனவரியிலேயே மனம் மாறியிருந்தார். 1919 ஜூன் 4இல் மேலவை திருத்தத்தை ஏற்றது. ஒவ்வொரு மாநிலம் ஒப்பும்போதும் ஆலிஸ் பால் கட்சிக் கொடியில் ஒரு விண்மீன் தைத்தார். 1920 ஆகஸ்ட் 18இல் டென்னசி மாநிலம் முப்பத்தாறாவது விண்மீனைத் தந்தது.

ஆனால் 1921இல் கறுப்பினப் பெண்கள் தென்மாநிலங்களில் தங்களுக்கு வாக்குச்சீட்டு மறுக்கப்படுவதை முறையிட்டபோது, அது இனப் பிரச்சினை, பெண் பிரச்சினை அன்று என்று அவர் ஒதுக்கிவிட்டார். அவர்கள் 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆய்வில் ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்து நோக்குதல் தகும். மக்களை அவ்வாறு பிரித்தால் சிலர் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள்.

1923இல் சமவுரிமைத் திருத்தம் என்னும் புதியதொன்றை வரைந்தார். அதற்கென்றே சட்டமும் பயின்றார். 1972இல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் அதை நிறைவேற்றியது. அதற்குக் கெடு வைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. தேவை 38 மாநிலங்கள். 35 ஒப்பிய நிலையில் 1977 ஜூலை 9இல் காலமானார். நீட்டித்த கெடுவும் 1982இல் முடிந்தது. 2020இல் முப்பத்தெட்டாவதாக ஒப்புதல் தந்தது வர்ஜீனியா. கெடு கடந்தபின் அது செல்லுமா என்று வழக்காடினார்கள்.