ஜி. என். இராமச்சந்திரன்

ஜி. என். இராமச்சந்திரன் (அக்டோபர் 8, 1922 - ஏப்ரல் 7, 2001) இந்திய உயிர் இயற்பியலாளர் ஆவார். கொலாஜன் என்னும் புரதத்தின் மூவிழைச் சுருள் அமைப்பைக் கண்டறிந்தவர்.

வாழ்க்கை

எர்ணாகுளத்தில் பிறந்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. இராமனிடம் ஆய்வு பயின்றார். 1952 இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

கொலாஜன் ஆய்வு

தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதம் கொலாஜன். அதன் அமைப்பு மூவிழைச் சுருள் என்பதை இவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954 இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். இவர்களது மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் ஆகியோர் குறை கூறினர். மூவிழை அமைப்பு நிலைபெற்றது. எனினும் அணுக்கள் எவ்வளவு நெருங்க இயலும் என்னும் வினாவை இராமச்சந்திரன் விடவில்லை. சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963 இல் வெளியிட்ட இராமச்சந்திரன் வரைபடம் அதன் விளைவாகும். புரத அமைப்புகளைச் சரிபார்க்க இது இன்றும் பயன்படுகிறது.

புற்றுநோய் ஆய்வில் கொலாஜன்

கணையப் புற்றுக்கட்டியைச் சூழ்ந்த அடர்ந்த நார்த்திசுவில் கொலாஜன் மிகுந்துள்ளது. அது உருவாகும்போதும் சிதையும்போதும் வெளிப்படும் துண்டுகள் குருதியில் கலக்கின்றன. பெரும்பாலும் முற்றிய பின்னரே அறியப்படும் இந்நோய்க்கு அத்துண்டுகள் உயிர்க்குறிப்பான்களாகுமா என ஆராயப்பட்டு வருகிறது.