தாமஸ் ரோட்ஸ் ஆர்மிட்டேஜ்

தாமஸ் ரோட்ஸ் ஆர்மிட்டேஜ் (ஏப்ரல் 2, 1824 – அக்டோபர் 23, 1890) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர். பார்வையற்றோருக்கான அரச தேசிய நிறுவனம் என்று இன்று அறியப்படும் தொண்டு நிறுவனத்தை நிறுவியவர். பிரித்தானியாவில் பிரெய்ல் முறை நிலைபெற உழைத்தவர்களுள் முதன்மையானவர்.

வாழ்க்கை

சசெக்ஸ் பகுதியில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். ஓவியர் எட்வர்ட் ஆர்மிட்டேஜ் இவருடைய தமையனார். பாரிசிலும் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் கல்வி பயின்று மருத்துவரானார். கண்பார்வை குன்றியதால் 1860 இல் தம் 36ஆவது வயதில் தொழிலைக் கைவிட்டார். அதன் பின்னர் லண்டனில் வாழ்ந்த ஏழைப் பார்வையற்றோரின் நிலையை அறிவதிலும் அவர்களுக்கு உதவுவதிலும் ஈடுபட்டார்.

எழுத்துமுறைச் சிக்கல்

அக்காலத்தில் விரலால் தடவிப் படிக்கும் புடைப்பெழுத்து முறைகள் பல வழங்கின. ரோமன் எழுத்துகளைப் புடைப்பாக அச்சிடும் முறை, லூக்காஸ் முறை, ஃபிரியர் முறை, மூன் முறை ஆகியன அவற்றுட் சில. ஒரு முறையைக் கற்றவரால் மற்றொரு முறையில் அச்சான நூலைப் படிக்க இயலாது. இதனால் அரிதாகவே கிடைத்த நூல்களும் பலருக்குப் பயன்படவில்லை. பார்வையுள்ள ஆசிரியர்கள் பலர் தம் கண்ணுக்குப் பழகிய ரோமன் வடிவத்தையே விரும்பினர்.

சங்கத்தின் தோற்றம்

எம்முறை சிறந்தது என்பதை அதனை விரலால் படிப்பவர்களே முடிவு செய்ய வேண்டும் என்பது ஆர்மிட்டேஜின் கொள்கை. அக்டோபர் 16, 1868 அன்று டேனியல் கோனோலி, டபிள்யூ. டபிள்யூ. ஃபென், ஜேம்ஸ் கேல் ஆகியோருடன் லண்டனில் தம் இல்லத்தில் கூடி, இந்நோக்கத்திற்காகச் சங்கமொன்றைத் தொடங்கினார். இது பின்னர் பிரித்தானிய மற்றும் அயல்நாட்டுப் பார்வையற்றோர் சங்கம் எனப்பட்டது. குழு உறுப்பினர்கள் பார்வையற்றோராகவோ பார்வை பெரிதும் குன்றியோராகவோ இருத்தல் வேண்டும். குறைந்தது மூன்று முறைகளை அறிந்திருத்தல் வேண்டும். எம்முறையிலும் பண ஆதாயம் உடையவராய் இருத்தல் கூடாது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்த குழு, 1870 இல் லூயி பிரெய்லின் ஆறு புள்ளி முறையைத் தேர்ந்தெடுத்தது. புள்ளிகளை விரல் எளிதில் உணரும். எளிய கருவியைக் கொண்டு பார்வையற்றோர் தாமே எழுதவும் இம்முறை இடமளித்தது. இசைக்கும் இதில் குறியீடுகள் இருந்தன.

கல்விப் பணி

படிப்பறிவோடு வருவாய் ஈட்டும் தொழிலும் வேண்டும் என ஆர்மிட்டேஜ் கருதினார். 1872 இல் அமெரிக்கரான பார்வையற்ற இசைக்கலைஞர் பிரான்சிஸ் ஜோசப் கேம்பலுடன் இணைந்து லண்டனின் அப்பர் நார்வுட்டில் ஒரு கல்லூரியை நிறுவினார். இசைக்கலைஞர்களாகவும் பியானோச் சுருதி சேர்ப்பவர்களாகவும் மாணவர்கள் இங்குப் பயிற்சி பெற்றனர். இதன் வழிவந்த கல்லூரி இப்போது ஹியர்ஃபோர்டில் இயங்குகிறது.

மறைவும் பின்னரும்

அயர்லாந்தில் குதிரைச் சவாரியின்போது ஏற்பட்ட விபத்தின் விளைவாக ஆர்மிட்டேஜ் 1890 இல் காலமானார். அவர் தொடங்கிய சங்கம் 1914 இல் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனம் என்று பெயர் மாற்றம் பெற்றது. 1935 இல் பேசும் நூல் சேவையைத் தொடங்கியது. 1953 இல் அதன் பெயருடன் அரச என்னும் அடைமொழி சேர்ந்தது.