கைவிளக்கேந்திய காரிகை

மருத்துவர் நோயாளியைப் பார்த்துச் செல்லும் நேரம் சிறிது. எஞ்சிய நேரமெல்லாம் நோயாளியைக் காப்பவை செவிலியரின் கண்களும் கைகளுமே. அக்கண்களுக்கும் கைகளுக்கும் முறையான பயிற்சி வேண்டும் என்பதை உலகிற்கு உணர்த்தியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

அவர் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. தந்தையே அவருக்குப் பல மொழிகளையும் வரலாற்றையும் கற்பித்தார். நோயுற்றோருக்குத் தொண்டு செய்யும் விருப்பம் இளமையிலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றியது. ஆனால், அக்காலத்தில் செவிலியர் பணிக்கு மதிப்பில்லை. எனவே, பெற்றோர் இசையவில்லை. நைட்டிங்கேல் மனம் தளராமல் பல ஆண்டுகள் காத்திருந்தார். 1851ஆம் ஆண்டு ஜெர்மனிக்குச் சென்று, கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் சில மாதங்கள் பயிற்சி பெற்றார்.

1854ஆம் ஆண்டு, கிரீமியப் போரில் காயமுற்ற ஆங்கிலேயப் படைவீரர்களைக் காக்க 38 செவிலியருடன் துருக்கி நாட்டின் ஸ்கூட்டாரிக்குச் சென்றார். அது இன்று இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதியாகும். அங்கிருந்த படை மருத்துவமனையில் அழுக்கும் நெரிசலும் நிறைந்திருந்தன. நைட்டிங்கேல் துணிகளைத் துவைக்கவும் நல்லுணவு சமைக்கவும் ஏற்பாடு செய்தார். இரவில் விளக்கேந்தி ஒவ்வொரு படுக்கையாகச் சென்று நோயாளிகளைக் கவனித்தார். அதனால் மக்கள் அவரைக் கைவிளக்கேந்திய காரிகை எனப் போற்றினர்.

ஆயினும், அந்தக் குளிர்காலத்தில் வீரர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். காயத்தால் இறந்தவர்களைவிடக் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் இறந்தவர்களே மிகுதி. 1855 மார்ச்சில் அரசு அனுப்பிய நலவாழ்வுக் குழு, கழிவுநீர்க் கால்வாய்களைத் தூய்மைப்படுத்திக் காற்றோட்டத்திற்கு வழி செய்தது. பிப்ரவரியில் நூற்றுக்கு 42 என்றிருந்த இறப்பு ஜூனில் நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. நாடு திரும்பியபின் இக்கணக்குகளை ஆராய்ந்த நைட்டிங்கேல் ஓர் உண்மையைத் தெளிந்தார். இரக்கமும் உழைப்பும் மட்டும் உயிரைக் காக்கமாட்டா. அவற்றோடு அறிவும் பயிற்சியும் சேர வேண்டும்.

மக்கள் மனமுவந்து அளித்த நிதியைக் கொண்டு, 1860ஆம் ஆண்டு இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. ஓராண்டுப் பயிற்சியில் மாணவியர் மருத்துவர்களின் விரிவுரைகளைக் கேட்டனர். எனினும், நோயாளியின் படுக்கையருகே செய்து பழகுவதே அவர்களின் முதன்மைப் பாடமாக இருந்தது. புண்ணைக் கழுவி மருந்திடுதல், கட்டுப் போடுதல், ஒத்தடம் கொடுத்தல், படுத்திருப்பவரை வலிக்காமல் நகர்த்தி விரிப்பை மாற்றுதல், படுக்கைப்புண் வராமல் காத்தல், கஞ்சி காய்ச்சுதல் ஆகியவற்றை மூத்த செவிலியரிடம் கற்றனர். நாடித்துடிப்பு, மூச்சு, தோலின் நிறம், பசி, உறக்கம் ஆகியவற்றில் தோன்றும் மாற்றங்களை உற்றுநோக்கிக் குறிப்பெடுக்கவும் பழகினர். தலைமைச் செவிலியர் ஒவ்வொரு மாணவியின் திறனையும் மாதந்தோறும் பதிவேட்டில் மதிப்பிட்டார்.

இங்குப் பயின்றோர் தாம் கற்றதைப் பிற ஊர்களுக்கும் கொண்டு சென்றனர். 1868ஆம் ஆண்டு லூசி ஆஸ்பர்ன் ஐந்து செவிலியருடன் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குச் சென்று பயிற்சிப் பணியைத் தொடங்கினார்.

நைட்டிங்கேல் இந்தியாவிற்கு வந்ததில்லை. ஆயினும், இந்நாட்டின் குடிநீர், வடிகால், ஊர்த் தூய்மை ஆகியவற்றைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதினார். நோயால் தளர்ந்து வீட்டிலேயே இருந்த காலத்திலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தம் 90ஆம் வயதில் மறைந்தார்.

அவர் பிறந்த மே 12ஆம் நாள் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்திய அரசும் சிறந்த செவிலியருக்கு அவர் பெயரால் விருது வழங்கிவருகிறது. நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கும் இன்றைய செவிலியரும் அத்திறனைப் படுக்கையருகே பழகியே பெறுகின்றனர்.

வினாக்கள்

1. ஸ்கூட்டாரியில் இறப்பு குறைந்ததற்குக் காரணம் யாது?
2. பயிற்சிப் பள்ளி மாணவியர் செய்து பழகிய பணிகளுள் நான்கினை எழுதுக.
3. இரக்கம் மட்டும் இருந்தால் நல்ல செவிலியர் ஆக முடியுமா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.