மண்ணிலே நீதி கேட்ட குரல்

குரல் வேண்டும், குரலுக்குரியவர் கறுப்பராயின் வாசலிலேயே நிற்க வேண்டும்! அமெரிக்கத் தென் மாநிலங்களிலே அன்றிருந்த நீதி இது. அதனைப் பாட்டாலே எதிர்த்த சாம் குக்கை நாம் மறக்கலாமோ?

1931-லே மிசிசிப்பியிலே பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர், சிகாகோவிலே வளர்ந்தவர். 19 வயதிலே 'சோல் ஸ்டிரர்ஸ்' தேவகீதக் குழுவின் முன்னணிப் பாடகரானார். ஒரே சொல்லை நீட்டுவார், நெளிப்பார், குழைப்பார். குழு பின்பாட்டுப் பாடும். கூட்டம் கண்ணீர் உகுக்கும்.

காதற்பாட்டுப் பாடினால் பக்தர் சீறுவரென்று, 1956-லே டேல் குக் எனப் பெயர் மாற்றிப் பாடினார். பெயர் மறைந்தது, குரல் மறையவில்லை! மறு ஆண்டு, மறைவின்றிப் பாடிய 'யூ சென்ட் மீ' நாட்டிலேயே முதலிடம் பெற்றது. அதிலும் தேவாலயத்துக் குழைவே! பாடுவது ஒருவர், பயன் கொள்வது மற்றொருவரா? சொந்தமாகவே இசைத்தட்டு நிறுவனமும் கண்டார்.

அத்தகைய புகழாளருக்கும் 1963-லே ஷ்ரீவ்போர்ட் நகர விடுதியொன்று இடம் மறுத்தது. எதிர்த்தார், கைதானார். அடுத்த ஜனவரியிலே 'எ சேஞ்ச் ஈஸ் கானா கம்' பாடலைப் பதிவு செய்தார். மாற்றம் வருமென்ற முழக்கம் அது!

1964 டிசம்பரிலே, 33 வயதிலே, லாஸ் ஏஞ்சல்ஸிலே சுடப்பட்டு மாண்டார். அம்மாதமே அப்பாடல் தனித்தட்டாக வந்தபோது, விரட்டப்படும் கொடுமையைக் கூறும் சரணம் வெட்டப்பட்டிருந்தது. வெட்டியும் என்ன? உரிமைப் போராட்டத்தார் அதையே தம் கீதமாக்கினர். விண்ணை நோக்கி வேண்டப் பழகிய குரல், மண்ணிலே நீதி கேட்டது. அதுவே அவர் பெருமை!