வண்ணத்துப்பூச்சியின் வழியைத் தேடியவர்

ஸ்ரௌவ்வில் சுற்றுப்புறத்து வெளிகளில், கோடையின் முடிவில் செம்மஞ்சள் நிற மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளை நாம் காண்கின்றோம். எம்மூர் எருக்கலையின் குடும்பத்தைச் சேர்ந்த பாற்செடியில் பிறந்து வளரும் இவை, குளிர்காலம் வருமுன் மறைந்துவிடுகின்றன. எங்கே போகின்றன? இந்த ஒரு கேள்விக்காக ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளைச் செலவிட்டவர் பேராசிரியர் பிரெட் ஏர்கார்ட்.

1911 இல் பிறந்த அவர், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் விலங்கியல் கற்பித்தவர். பூச்சியின் பயணத்தை அறிய வேண்டுமாயின் அதற்கு அடையாளம் இடவேண்டும். முதலில் ஒட்டிய சீட்டுக்கள் மழையில் கழன்றுபோயின. பின்னர், கடைப் பொருட்களில் விலை ஒட்டும் சீட்டைப் போன்றதொன்றை இறகில் ஒட்டினார். 1952 இல் அவருடைய துணைவியார் நோரா சஞ்சிகை ஒன்றில் உதவி கோரி எழுதினார். ஆண்டுதோறும் தொண்டர்கள் பெருகினர். சீட்டுடன் அகப்பட்ட பூச்சிகள் தெற்கே மெக்சிக்கோவின் திசையைக் காட்டின.

1975 ஜனவரியில், அவர்களுக்காகத் தேடிச் சென்ற கென் புரூகரும் கற்றலினா அகுவாடோவும், மெக்சிக்கோ மலைக்காட்டில் மரங்களை மூடி உறங்கிய கோடிக்கணக்கான பூச்சிகளைக் கண்டனர். மலைவாழ் மக்கள் முன்பே அறிந்த காட்சி அது. அறிவியல் உலகுக்கோ புதிது. மறு ஆண்டு ஏர்கார்ட் தம்பதியர் அங்கு சென்றபோது, முறிந்து விழுந்த கிளையொன்றிலிருந்த பூச்சிகளிடையே, அமெரிக்காவின் மினசோட்டாவில் சீட்டு ஒட்டப்பட்ட பூச்சியொன்றைக் கண்டெடுத்தனர். ஐயம் அகன்றது.

எங்கே என்பதற்கு அவர் விடை கண்டார். ஏன், எவ்வாறு என்பவற்றைப் பின்வந்தோர் ஆராய்ந்தனர். பகற்பொழுது குறுகிக் குளிர் ஏறும்போது, இலையுதிர்காலத் தலைமுறையின் உடலில் இனப்பெருக்கம் தள்ளிப்போகின்றது. உணர்கொம்பில் உள்ள உயிர்க்கடிகாரத்தின் துணையுடன் சூரியனைப் பார்த்து அது திசை அறிகின்றது. இங்கிருந்து போனவை எவையும் மீண்டும் இதே வெளிக்கு வருவதில்லை. அடுத்த கோடையில் வருபவை அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. இலையுதிர்காலத்தில் அவற்றின் வழித்தோன்றல்கள், ஒருபோதும் காணாத அதே மலையை நோக்கிப் பறக்கின்றன.

1998 இல் கனடாவின் உயர் விருதைப் பெற்ற ஏர்கார்ட், 2002 இல் காலமானார். அவர் கற்பித்த ஸ்காபரோவில் இன்று எம்மவர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். பூச்சிக்கு வழி உடலிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. எமது பிள்ளைகளுக்கு அவ்வாறில்லை. அவர்கள் காணாத ஊரின் வழியை நாமே சொல்லிவைக்க வேண்டும்.