சனீஸ்வரன் வேடம் போட்டவர் நடிப்பையே விட்டது ஏன்? யார் இந்த சங்கரதாஸ் சுவாமிகள்?

ஒரு மேஜை. சுற்றி நாலைந்து நண்பர்கள். ஆளுக்கொரு கேரக்டர். எழுதி வைத்த வசனம் கிடையாது. அடுத்தவர் பேசினால் நம்ம கேரக்டர் என்ன பதில் சொல்லும்னு அங்கேயே யோசித்துப் பேசணும். கதை அப்படியே நகரும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் கொண்டுவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் இந்த ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்கு முன்னோடி.

புதிதாக ஆட வருபவர்கள் திணறுவது ஒரே இடத்தில்தான். கேரக்டரை எப்படி உருவாக்குவது? இதற்குப் பதில் நம்ம ஊர் நாடக மேடையிலேயே இருக்கிறது.

நாகூரைத் தாண்டி கீழவாஞ்சூர் வந்தாலே புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் பகுதி தொடங்கிவிடும். சனிப்பெயர்ச்சி நேரத்தில் நாகூர் பக்கமிருந்து திருநள்ளாறு போகிறவர்களுக்கு இது பழகிய எல்லை. நளனை விட்டு சனி விலகியது திருநள்ளாறில்தான் என்பது நம்பிக்கை. அந்த நளன் கதையில் சனீஸ்வரனாக மேடையேறியவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள்.

உப்புக் கணக்கிலிருந்து மேடைக்கு

1867-ல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். உப்புப் பண்டகசாலையில் கொஞ்ச நாள் கணக்கு எழுதினார். 24 வயதில் வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்துவிட்டார். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று பயமுறுத்தும் வேடங்கள்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன.

நடிப்பை விட்டது ஏன்?

அவரது வாழ்க்கை வரலாறுகளில் சொல்லப்படும் இரண்டு சம்பவங்கள் இவை. நாடகம் முடிந்த விடியற்காலையில், சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போயிருக்கிறார். தண்ணீர் எடுக்க வந்த பெண் அந்தக் கோலத்தைப் பார்த்த அதிர்ச்சியில் உயிரிழந்தார். இன்னொரு முறை, அவரது எமன் வேடத்தைப் பார்த்த கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது.

ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லைன்னு சிலர் நினைக்கலாம். அவர் அப்படி நினைக்கவில்லை. வேடம் போடுவதை நிறுத்தினார். எழுத்தும் பயிற்சியும்தான் இனி வேலை என்று முடிவெடுத்தார்.

ஆளுக்கேற்ற கேரக்டர்

1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். எஸ்.ஜி.கிட்டப்பா அங்கே பயின்றவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா உருவானது. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள். சிறுவன் டி.கே.சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை அவர் ஒரே இரவில் எழுதி முடித்தாராம். அதாவது, நடிக்கப்போகும் பையனை மனதில் வைத்துத்தான் கேரக்டரே பிறந்தது.

ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன?

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி போன்ற அவரது நாடகங்கள் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக நடப்பது வழக்கம். நடிகர்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் செய்வார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் தெரிந்ததுதான். ஆனால் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது வார்த்தைகள் அந்த நேரத்தில் வருபவை. ரோல்பிளேயிங் மேஜையில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

அப்போ கேரக்டரை எப்படி உருவாக்குவது?

முதலில் பலம், ஆயுதம் எல்லாம் எழுதாதீங்க. என் கேரக்டருக்கு என்ன வேணும்? யாருக்காக எதை விட்டுக்கொடுக்கும்? எதற்கு மட்டும் பணியாது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் போதும். வள்ளிக்கு இந்த மூன்றும் தெளிவாக இருக்கிறது. அதனால்தான் எந்த நாரதர் வந்தாலும் அவளால் பதில் சொல்ல முடிகிறது.

நாலாவது கேள்வி ஒன்று உண்டு. எதிரே இருப்பவரை இந்த வேடம் காயப்படுத்துமா? ஆட்டம் தொடங்கும் முன்பே, எந்த விஷயத்தைத் தொடக்கூடாதுன்னு நண்பர்களிடம் கேட்டுவிடுங்கள். சுவாமிகளுக்கு அது பெரிய விலை கொடுத்துக் கிடைத்த பாடம்.

கடைசிக் காலத்தில் பக்கவாதம் அவரது பேச்சைப் பறித்தது. 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் காலமானார். அவரது சமாதி அங்கே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.