சோஜர்னர் ட்ரூத்: ஆண்டையின் வண்டியில் ஏறாத விசுவாசம்

மதம் தரும் மன அமைதி ஒடுக்கப்பட்டவர்களை அடங்கியிருக்கப் பழக்கும் என்னும் குற்றச்சாட்டு பழையது; அதில் நியாயமும் உண்டு. கீழ்ப்படிதலைப் பற்றிய வேத வசனங்களை மட்டும் பொறுக்கியெடுத்து அடிமைகளுக்குப் போதித்த ஆண்டைகள் அமெரிக்காவில் ஏராளம். ஆனால் அங்கே அடிமையாகப் பிறந்த சோஜர்னர் ட்ரூத்தின் வாழ்க்கை இந்தக் குற்றச்சாட்டுக்குள் எளிதில் அடங்குவதில்லை. அவருக்கு மன அமைதியின் வழி திறந்த நாளும், தம்மை உடைமையாக வைத்திருந்தவனின் வண்டியில் ஏறாமல் நின்றுவிட்ட நாளும் ஒன்றே.

ஏறத்தாழ 1797இல் நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் மாவட்டத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் இசபெல்லா. டச்சுக் குடும்பம் ஒன்றின் உடைமைகளாக, அவ்வீட்டின் நிலவறையில் அவர்கள் வாழ்ந்தனர். விற்கப்பட்டுப் பிரிந்த பிள்ளைகளை நினைத்து அழும் தாய், இரவில் வானத்தைக் காட்டி, அங்கே இருக்கும் கடவுளிடம் துன்பத்தைச் சொல்லுமாறு கற்பித்தார். கர்த்தரின் செபத்தை டச்சு மொழியில் சொல்லிக்கொடுத்தார். அவர் மகளுக்கு விட்டுச்செல்ல முடிந்த சொத்து அவ்வளவுதான்.

ஒன்பது வயதில், ஆட்டு மந்தை ஒன்றோடு சேர்த்து 100 டாலருக்கு இசபெல்லா ஏலத்தில் விற்கப்பட்டார். வாங்கிய வீட்டின் எசமானிக்கு டச்சு தெரியாது. சிறுமிக்கு ஆங்கிலம் தெரியாது. ஏவியது விளங்காமல் வேறொன்றை எடுத்து வந்தால் அடி விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தணலில் வாட்டிக் கட்டிய பிரம்புகளால் இரத்தம் வழிய அடிக்கப்பட்டார். அந்தத் தழும்புகள் இறுதிவரை இருந்தன. ஓய்வுநாளில் அடித்தவனும் கடவுளின் பெயரைச் சொல்பவனே என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

இன்னொருவர் கை மாறி, 1810இல் ஜான் டூமாண்ட் என்பவரிடம் வந்து சேர்ந்தார். அடிமைத்தனம் உள்ளத்தை எவ்வளவு ஆழமாகப் பிடிக்கும் என்பதற்கு இந்த ஆண்டுகள் சான்று. டூமாண்ட் தம் மனத்தில் ஓடுவதையெல்லாம் அறிகிறார் என்றே இசபெல்லா நம்பினார். ஏறக்குறைய அவரைக் கடவுளாகவே எண்ணினார். ஆண்டையின் மெச்சுதலுக்காக இரவிலும் உழைத்தார். சாதியச் சமூகத்தில் வளர்ந்த நமக்கு இந்த மனநிலை அந்நியமானதன்று.

இருந்தும் ஓரிடம் மட்டும் அவருக்கே உரியதாக இருந்தது. ஓடையின் நடுவிலிருந்த சிறு திட்டில், வில்லோ மரக் கிளைகளைப் பின்னி ஒரு மறைவிடம் அமைத்தார். நீரோசைக்குள் உரக்கப் பேசினால் எவர் காதிலும் விழாது; கடவுளுக்கு நன்றாகக் கேட்கும் என்பது அவர் எண்ணம். அந்தச் செபம் பணிவான வேண்டுதல் அன்று, பேரம். நீர் உதவினால் நான் நல்லவளாக நடப்பேன் என்னும் ஒப்பந்தம்.

நியூயார்க்கில் 1827 ஜூலை 4 அன்று அடிமைமுறை முடிவுக்கு வரவிருந்தது. அதற்கு ஓராண்டு முன்பே விடுவிப்பதாக டூமாண்ட் வாக்களித்தார். பின்னர், கையில் காயம்பட்டதால் இசபெல்லாவின் வேலை குறைந்தது என்று காரணம் கூறி மறுத்தார். ஏறத்தாழ 100 பவுண்டு கம்பளி நூற்றுக் கணக்கைத் தீர்த்துவிட்டு, 1826இன் இறுதியில், கைக்குழந்தையோடு விடியும் முன் வெளியேறினார் இசபெல்லா. வான் வாகனன் குடும்பம் அடைக்கலம் தந்தது. தேடி வந்த டூமாண்டிடம் 20 டாலர் தந்து அவருடைய எஞ்சிய உழைப்பை வாங்கியது. குழந்தைக்கு 5 டாலர். எசமான் என்று தம்மை அழைக்கக் கூடாது, எல்லாருக்கும் எசமான் ஒருவரே என்று அந்த வீட்டார் சொன்னது அவருக்குப் புதிய செய்தி.

ஆனாலும் உள்ளம் விடுபடவில்லை. 1827 வசந்தத்தில் பெந்தெகொஸ்தே விழா நெருங்கியது. அடிமைகளுக்கும் ஆட்டமும் பாட்டும் வாய்க்கும் அந்த நாள்களின் ஏக்கத்தில், பழைய இடத்துக்கே திரும்ப எண்ணினார். டூமாண்டும் வண்டியோடு வந்தார். ஏறப்போன கணத்தில், எங்கும் நிறைந்த கடவுளின் பார்வை மின்னலெனத் தம்மேல் விழுந்ததாக உணர்ந்தார். காப்பாற்றாத வாக்குறுதிகள் நினைவுக்கு வந்தன; நடுங்கினார். தன்னிலை திரும்பியபோது வண்டி போய்விட்டிருந்தது. தமக்கும் கடவுளுக்கும் நடுவே யாரேனும் நிற்க மாட்டார்களா என ஏங்கியபோது, அன்பே உருவான ஒருவர் நிற்பதை உணர்ந்தார். அவர் இயேசு என்று தெளிந்தார். அதுவரை இயேசு என்பது அவருக்கு வாஷிங்டனைப் போன்ற ஒரு பெரிய மனிதரின் பெயர் மட்டுமே. அச்சம் அகன்றது, ஆண்டைக்கிருந்த இடமும் அகன்றது.

அந்த அமைதி அவரை அடுத்து அழைத்துச் சென்ற இடம் நீதிமன்றம். ஐந்து வயது மகன் பீட்டர் சட்டத்துக்கு மாறாக அலபாமாவுக்கு விற்கப்பட்டிருந்தான். எழுதப் படிக்கத் தெரியாத இசபெல்லா குவேக்கர்களின் துணையோடு வழக்காடி, 1828இல் மகனை மீட்டார். வெள்ளையர்மீது வழக்குத் தொடுத்து வென்ற முதல் கறுப்பினப் பெண்களுள் அவர் ஒருவர். திரும்பி வந்த சிறுவனின் உடலெங்கும் தழும்புகள்.

விசுவாசம் அவரை ஏமாற்றத்திலிருந்து காத்துவிடவில்லை. 1830களில், தம்மை மத்தியாஸ் என்று அழைத்துக்கொண்ட ஒரு போலித் தீர்க்கதரிசியின் கூட்டத்தில் சேர்ந்து சேமிப்பை இழந்தார். அக்கூட்டம் சிதைந்தபோது நஞ்சிட்டதாகத் தம்மீது பழி சுமத்தியவர்கள்மேல் அவதூறு வழக்குத் தொடுத்து, 125 டாலர் இழப்பீடு பெற்றார். அதன்பின் வேதத்தைப் பிறர் விளக்கக் கேட்பதைவிட, வாசிக்க மட்டும் கேட்பதை விரும்பினார். பெரியவர்கள் இடையிடையே பொருள் சொல்லத் தொடங்கினார்கள். ஆகவே சிறுவர்களை வாசிக்கச் செய்து, பொருளைத் தாமே தேடினார். புரோகிதர் உரைக்கும் பொருளே பொருள் என்று பழக்கப்பட்ட மண்ணில் இது சிறிய செயலன்று.

1843 ஜூன் 1 அன்று, சில துணிகளைத் தலையணை உறையில் இட்டுக்கொண்டு நியூயார்க் நகரைவிட்டு நடந்தார். வழிப்போக்கரையும் உண்மையையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்துச் சோஜர்னர் ட்ரூத் எனத் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டார். ஒருமுறை செபக் கூட்டமொன்றைக் காலிகள் சூழ்ந்தபோது, முதலில் அஞ்சிப் பெட்டிக்குப் பின்னே ஒளிந்தவர், வெட்கி எழுந்து தனியே மேட்டில் நின்று பாடினார். கும்பல் அடங்கிக் கலைந்தது. 1851 ஏக்ரான் உரை இன்று உலகறிந்தது. ஆயினும் அதன் புகழ்பெற்ற வடிவம் 12 ஆண்டுகள் கழித்து வேறொருவர் எழுதியது என்பதால், அதைவிட அவருடைய செயல்களையே நம்புவது நலம். வாஷிங்டனில் 1865இல் டிராம் வண்டியிலிருந்து தள்ள முயன்ற நடத்துநரால் தோளில் காயமுற்றும், அவனைக் கைதுசெய்ய வைத்தார்.

1870 முதல், விடுதலை பெற்ற மக்களுக்கு மேற்கில் நிலம் வேண்டுமென ஊர் ஊராகக் கையொப்பம் திரட்டினார். மகாத்மா பூலே தம் அடிமைத்தன நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்கர்களுக்குக் காணிக்கையாக்கிய 1873இலும், அந்த மூதாட்டி நிலம் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். அமெரிக்க நாடாளுமன்றம் கடைசிவரை நிலம் தரவில்லை.

மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில், 1883 நவம்பர் 26 அன்று அவர் மறைந்தார். கல்லறைக் கல்லில் வயது ஏறத்தாழ 105 என்று பொறித்தார்கள். உண்மையில் அவருக்கு வயது 86 அளவில் இருக்கும். அடிமைக் குழந்தையின் பிறந்த நாளை எவரும் எழுதி வைத்திருக்கவில்லை.